மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள்

147573952589676412927.

மொத்தம் 21 இலக்கம். அறுபத்தேழு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வருவதில் ஒன்றைக் கழித்தால் இந்த எண் கிடைக்கும். 1644-இல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி இதைப் பகா எண்களின் பட்டியலில் சேர்த்தார். அதாவது ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதாலும் மீதியின்றி வகுபடாது என்றார். நிரூபணம் எதுவும் தரவில்லை.

1876-இல் எடுவார்ட் லூக்கா அது தப்பு என்று நிரூபித்தார். இந்த எண்ணுக்குக் காரணிகள் உண்டு. ஆனால் அவை எவை என்று அவருடைய முறை சொல்லவில்லை. பூட்டிய வீட்டுக்குள் பேச்சுக்குரல் கேட்கிறது, யாரென்று மட்டும் தெரியவில்லை என்கிற மாதிரி.

1903 அக்டோபரில் நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகம் கூடியது. ஃபிராங்க் நெல்சன் கோல் அன்று என்ன செய்தார் என்பதை எரிக் டெம்பிள் பெல் பிற்பாடு எழுதியிருக்கிறார். கோல் எழுந்து போய், வாயே திறக்காமல், கரும்பலகையின் ஒரு பக்கம் நம் எண்ணைக் கணக்கிட்டு எழுதினார். இன்னொரு பக்கம் 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கினார். இரண்டு விடையும் ஒன்று. போய் உட்கார்ந்துவிட்டார். அரங்கம் கைதட்டியது. இதற்கு எவ்வளவு காலம் பிடித்தது என்று பெல் பின்னாளில் கேட்டதற்கு, மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம்.

சரி, அதனால என்ன? இன்றைக்கு ஒரு கணினி கண்ணிமைக்கும் நேரத்தில் சொல்லிவிடும். அத்தனை ஞாயிறும் வீண்தானே?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. மெர்சென் சொன்னதை ஏற்க அவரை நம்பியாக வேண்டும். லூக்காவை ஏற்க அவருடைய கணிதம் தெரிந்திருக்க வேண்டும். கோலை ஏற்பதற்குப் பள்ளிக்கூடத்துப் பெருக்கல் போதும். அவர் மனதில் என்ன இருந்ததோ, அந்த உழைப்பின் பலன் இதுதான்: யாரும் அவரை நம்பவேண்டிய அவசியமே இல்லாமல் போனது. சொல்பவருக்கு மூன்று வருடம், சரிபார்ப்பவருக்கு ஒரு மணி நேரம்.

நம் கைபேசிகளில் நடப்பது நேர் தலைகீழ். ஒரு நொடியில் ஒரு பொய்யை அனுப்பிவிடலாம். அது பொய்யென்று காட்டப் போகிறவருக்கு ஒரு வாரம் போய்விடும். மெர்சென் பொய் சொல்லவில்லை, தவறினார், அவ்வளவுதான். ஆனாலும் பட்டியலில் இருந்த அந்த ஒரு எண்ணைத் துடைக்க 232 வருஷம் ஆனது.

எல்லா உண்மையையும் கரும்பலகையில் பெருக்கிக் காட்ட முடியாதுதான். மருத்துவர் சொல்வதையும் வரலாற்றாசிரியர் சொல்வதையும் ஓரளவு நம்பித்தான் ஏற்கிறோம். ஆனால் பாரத்தை யார் சுமக்க வேண்டும் என்ற கேள்வி அங்கேயும் இருக்கிறது. என்னை நம்பு என்று கேட்கிறவர், நம்மைவிடக் கொஞ்சம் அதிகம் சுமந்திருக்க வேண்டாமா?

சந்தேகமிருந்தால் காகிதமும் பேனாவும் எடுத்துப் பெருக்கிப் பாருங்கள். ஒரு ஞாயிறுகூட முழுசாகத் தேவைப்படாது.