ஒலிக்கு முன்னே வரும் அம்பு

2020 ஜனவரி 20 அன்று தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் தொடங்கப்பட்ட 222-ஆம் படைப்பிரிவின் சுகோய்-30 போர் விமானங்கள், ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இலக்கைத் தாக்கும் பிரமோஸ் ஏவுகணையைச் சுமப்பதற்கென்றே மாற்றியமைக்கப்பட்டவை. விமானத்தின் வயிற்றுப் பகுதியில் தொங்கும் இரண்டரை டன் எடையுள்ள அந்த ஏவுகணை, பிடி விட்டதும் சற்றுத் தூரம் வெறுமனே விழுந்து, அதன் பின்னரே எரிபொருள் பற்றிக்கொள்ள, ஒலியைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு வேகத்தில் பாய்வதால், அதன் முழக்கம் சென்று சேரும் முன்பே அது இலக்கைத் தாக்கிவிடுகிறது.

எச்சரிக்கையே கேட்க வழியில்லாதவர் மீது ஆயுதம் ஏவுவது அறமாகுமா என்ற வினா, அந்தத் தளத்துக்குக் கிழக்கே நெல்வயல்கள் சூழ்ந்த கூத்தாநல்லூர் போன்ற ஊரில் தமிழ், இஸ்லாம் என்னும் இரு மரபுகளின் வழியாக எழக்கூடும். பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய புறநானூற்று ஒன்பதாம் பாட்டில், பசுக்களும் அந்தணரும் பெண்களும் நோயாளிகளும் ஆண்மகவு இல்லாதோரும் அரண் தேடிக்கொள்ளுமாறு அம்பு எய்வதற்கு முன் அறிவிக்கப்படுகிறது. அவ்வூர் முஸ்லிம்களுக்கு உரிய ஃபிக்ஹ், அதாவது இஸ்லாமியச் சட்டவியல், வேறொரு முறையைக் காட்டுகிறது: இமாம் மாலிக்கின் முவத்தா என்னும் தொகுப்பின்படி, சிரியா செல்லும் படையின் தளபதிக்குக் கலீஃபா அபூபக்ர், பெண்களையும் குழந்தைகளையும் முதியோரையும் கொல்லலாகாது, காய்க்கும் மரங்களை வெட்டலாகாது என்று புறப்படும்போதே கட்டளையிட்டார்.

இரண்டிலும் இரக்கம் ஒன்றே என்றாலும், முன்னது எதிரி நாட்டாரை நோக்கிய அறிவிப்பு, பின்னது சொந்தப் படைக்கு இட்ட கட்டளை என்னும் வேறுபாடு இங்கே மிக முக்கியமானது. ஒலியை முந்தும் ஆயுதம் முதலாவதற்கு இடம் வைப்பதில்லை. ஆகவே இலக்கைத் தேர்ந்தெடுக்கும் அறையிலேயே, ஏவும் முன்பே, அறத்தின் சுமை முழுவதையும் ஏற்க வேண்டியிருக்கிறது. குறி தவறாத ஏவுகணை, பரவலாகக் குண்டு பொழிவதைவிடக் குறைவாகவே உயிர் குடிக்கும் என்ற வாதம் மெய்தான். ஆனால் குறியின் துல்லியம், குறித்தவரின் தீர்ப்பைத் துல்லியமாக்கிவிடாது.

மகாபாரதத்தில் அசுவத்தாமன், ஏவிய அத்திரத்தைத் திரும்பப் பெறும் வித்தை அறியாதவனாக நிற்கிறான். அந்த அத்திரத்தைப் போலவே திரும்பப் பெற முடியாதபடி, 2022 மார்ச் 9 அன்று தவறுதலாகப் பாய்ந்த பிரமோஸ் ஒன்று பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே விழுந்தபோது உயிர்ச்சேதம் ஏற்படவில்லை; எனினும் இந்தியா வருத்தம் தெரிவித்து விசாரணை நடத்தி, நடைமுறை மீறலுக்காக அவ்வாண்டு ஆகஸ்டில் விமானப்படை அதிகாரிகள் மூவரைப் பணிநீக்கம் செய்தது.