சக்கரத்தின் மேல் வீடு: முஸாபிரா, முகீமா?



 

என்னுடன் ஒரே மதரஸாவில் ஓதி, இப்பொழுது அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி மாநிலத்தில் இமாமாக இருக்கும் ஆலிம் ஒருவர், சென்ற மாதம் ஒரு மஸ்அலா எழுதிக் கேட்டிருந்தார். அவருடைய மஹல்லாவில் ஒரு குடும்பம். இந்தோனேஷியாவிலிருந்து குடியேறியவர்கள், ஷாபிஈ மத்ஹபினர். கணவர் கணிப்பொறி வேலை செய்கிறவர், எங்கிருந்தாலும் அவருக்கு வேலை நடக்கும். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, மனைவியையும் மூன்று குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு ஒரு வீட்டு வண்டியில் கிளம்பி ஏழு மாதமாகிறது. "நம் வீட்டுக்கே சக்கரம் இருக்கிறது, நமக்கு ஒவ்வொரு நாளும் பயணம்தான்" என்று சொல்லி, அவர் கிளம்பிய நாள் முதல் நான்கு ரகஅத்துத் தொழுகைகளை எல்லாம் இரண்டாகவே தொழ வைத்து வருகிறார்.

கலிபோர்னியாவில் ஒரு பள்ளிவாசலில் ளுஹர் ஜமாஅத்தில் சேர்ந்தார்கள். எட்டு வயது மகன் இரண்டு ரகஅத்து முடிந்ததும் தானாக ஸலாம் கொடுத்து உட்கார்ந்துவிட்டு, தொழுகை முடிந்தபின் தாயிடம் ஓடி வந்து, "உம்மா, இந்த இமாம் மறந்துபோய் நான்காகத் தொழ வைத்துவிட்டார்" என்றானாம். அன்றிரவு அந்தத் தாய்க்குத் தூக்கமில்லை. நாங்கள் முஸாபிரா, முகீமா என்று அவர்தான் கேட்டிருக்கிறார்.

நம் ஊர்களில் இப்படிப்பட்ட வண்டியைப் பார்த்திராதவர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். அமெரிக்கர்கள் இதை ஆர்.வி. என்பார்கள். ஒரு பஸ்ஸுக்குள் படுக்கை, அடுப்பு, குளிர்ப்பெட்டி, குளியலறை, கழிப்பிடம் எல்லாம் அடங்கியிருக்கும். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பேரில் அந்நாட்டில் மாநிலங்களை இணைக்கும் பெருஞ்சாலைகள் போடப்பட்டன. அவற்றில் 80-ஆம் எண் சாலை நியூ ஜெர்ஸியில் தொடங்கி ஸான்பிரான்ஸிஸ்கோ வரை ஏறக்குறைய 4,660 கிலோமீட்டர் ஓடுகிறது. வழியெங்கும் வண்டியை நிறுத்தி, தண்ணீரும் மின்சாரமும் எடுத்துக்கொண்டு தங்குவதற்குக் கட்டண இடங்கள் இருக்கின்றன. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் வீட்டை விற்றுவிட்டு ஆண்டுக்கணக்கில் இப்படியே வாழ்வதும் உண்டு.

இது புதிய வாகனம், ஆகவே கிதாபுகளில் இதற்கு வழியிருக்காது என்று நினைத்துவிட வேண்டாம். நம் இமாம்கள் கப்பலோட்டியைப் பற்றி இதே கேள்வியைக் கேட்டு ஆராய்ந்திருக்கிறார்கள். ஒருவனுடைய மனைவி மக்கள் கப்பலிலேயே இருக்கிறார்கள், சட்டி பானையும் அங்கேதான், கரையில் அவனுக்கு வேறு வீடு கிடையாது. இவன் கஸ்ராகத் தொழலாமா? இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் ரஹ்மத்துல்லாஹி அலைஹி அவர்கள் கூடாது என்றார்கள். வீட்டைப் பிரிந்தவனுக்குத்தானே பயணம்? இவனோ வீட்டிலேயே இருக்கிறான் என்பது அவர்கள் சொல்லின் கருத்து. மற்ற மூன்று இமாம்களும், தூரத்தைக் கடக்கிறவன் முஸாபிர்தான், வீடு கூடவே வந்தாலும் பயணம் பயணமே என்று ஜாயிஸாக்கினார்கள். ஆனால் நம் ஷாபிஈ மத்ஹபின் உலமாக்கள் ஒரு படி மேலே சென்று, கஸ்ரு கூடும் என்றாலும் இப்படிப்பட்ட கப்பலோட்டி முழுமையாகத் தொழுவதே மேல் என்று எழுதியிருக்கிறார்கள். மற்றோர் இமாமின் கருத்துக்கு அவர்கள் தந்த மரியாதையைப் பார்த்தீர்களா! இந்தக் காலத்தில் நாம் ஒரு மஸ்அலாவில் மாறுபட்டால் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அந்தக் கப்பலின் இடத்தில் இந்த வண்டியை வைத்துப் பாருங்கள். சாலையில் ஓடும் நாட்களில் அந்தக் குடும்பத்தார் முஸாபிர்கள்; இரண்டாகத் தொழுதது கூடும், நான்காகத் தொழுதிருந்தால் சிறப்பு. கஸ்ருக்குரிய தூரம் எத்தனை கிலோமீட்டர் என்பதில் நம் பகுதி உலமாக்களின் கணக்கு சற்று முன்பின்னாக இருக்கும். ஒரே நாளில் 400 கிலோமீட்டர் ஓடுகிறவர்களுக்கு அந்த வித்தியாசம் தொல்லை தராது.

கணவர் தவறியது வண்டி ஓடாத நாட்களில். ஓரிடத்தில் வந்து இறங்கும் நாளையும் புறப்படும் நாளையும் தள்ளி, முழுதாக நான்கு நாள் தங்குவதென்று நிய்யத்து வைத்துவிட்டால் ஷாபிஈ மத்ஹபில் அவர் முகீம். ஹனபி மத்ஹபில் பதினைந்து நாள். இவர்களோ ஓரிடத்தில் ஒரு வாரம், மற்றோரிடத்தில் பத்து நாள், குளிர்காலத்தில் அரிஸோனாவில் ஒரு மாதம் என்று முன்கூட்டியே பணம் கட்டித் தங்கியிருக்கிறார்கள். பணம் கட்டிய சீட்டு கையில் இருக்கும்போது நிய்யத்து என்ன என்று தேட வேண்டியதில்லை. வண்டிக்கு அடியில் சக்கரம் இருந்தால் மட்டும் பயணமாகிவிடாது. சக்கரம் சுழலவும் வேண்டும். அந்நாட்களில் இரண்டாகத் தொழுத தொழுகைகளை எண்ணிக் களாச் செய்யும்படித்தான் எழுதியனுப்பினேன். எண்ணிக்கையைக் கேட்டு மலைக்க வேண்டாம், ஒவ்வொரு வக்துடனும் ஒன்றிரண்டாகச் சேர்த்துத் தொழுது வந்தால் சில மாதங்களில் தீர்ந்துவிடும்.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்லத் தோன்றுகிறது. மேற்கு மாநிலங்களில் அரசாங்கப் பொது நிலங்களில் இலவசமாக வண்டியை நிறுத்தித் தங்கலாம். ஆனால் பெரும்பாலான இடங்களில் 14 நாளுக்கு மேல் கூடாது, பெயர்ந்துவிட வேண்டும் என்பது சட்டம். ஹனபி மத்ஹபினர் ஒருவர் அந்தச் சட்டப்படியே தங்கினால், ஒரே ஒரு நாள் குறைவால் முஸாபிராகவே இருந்துவிடுவார்!

இன்னொரு செய்தி இதைவிட முக்கியமானது. சில குடும்பங்கள் எங்கே போகிறோம் என்றே முடிவு செய்யாமல், சாலை போகும் திசையில் போவதில் ஓர் இன்பம் காண்கிறார்கள். இவர்களுக்குக் கஸ்ருச் சலுகை இல்லை. இலக்கில்லாமல் அலைகிறவன் உலகத்தையே சுற்றி வந்தாலும் முஸாபிர் ஆகமாட்டான் என்பதில் ஷாபிஈ, ஹனபி இரு மத்ஹபின் கிதாபுகளும் ஒத்துப் போகின்றன. காலையில் வண்டியைக் கிளப்புமுன், இன்று இன்ன ஊர் போகிறோம் என்று இடத்தைத் தீர்மானித்து, அது உரிய தூரத்திலும் இருந்தால்தான் சலுகை வரும்.

ளுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழும் ஜம்உ ஷாபிஈகளுக்குப் பயணத்தில் உண்டு. ஹனபிகளுக்கு அரபாவிலும் முஸ்தலிபாவிலும் அன்றி இல்லை. பர்ளான தொழுகையை ஓடும் வண்டியில் இருக்கையில் அமர்ந்தபடி முடித்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருந்தார்கள். பஸ்ஸில் போகிறவருக்கு டிரைவர் நிறுத்தமாட்டார் என்ற உளர் இருக்கலாம். இவர்களுக்கு என்ன உளர்? ஸ்டியரிங்கும் தங்கள் கையில், பிரேக்கும் தங்கள் காலடியில்! பெருஞ்சாலை ஓரங்களில் இளைப்பாறும் இடங்கள் இருக்கின்றன. நிறுத்தி, நின்று, கிப்லாவை நோக்கித் தொழ வேண்டும். சுன்னத்துத் தொழுகைகளைத்தான் வாகனம் போகும் திசையிலேயே அமர்ந்து தொழ நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் காட்டித் தந்தார்கள். ஓட்டுகிறவர் அதையும் தள்ளி வைக்கட்டும். ஐந்து உயிர்கள் அவர் கையில் அமானிதமாக இருக்கின்றன.

கிப்லா விஷயத்தில் அந்நாட்டார் படும் பாட்டை நாம் அறிய மாட்டோம். நமக்கு மேற்கே திரும்பினால் பெரும்பாலும் போதும். பூமி உருண்டையாக இருப்பதால் அமெரிக்காவிலிருந்து மக்காவுக்குக் குறுகிய வழி வடகிழக்காகப் போகிறது. நியூயார்க்கில் வடக்கிலிருந்து கிழக்காகச் சுமார் 58 பாகை. லாஸ் ஏஞ்சலிஸ் போய்ச் சேர்ந்தால் சுமார் 24 பாகைதான். மேற்கே போகப் போக முஸல்லாவை வடக்கு நோக்கித் திருப்பிக்கொண்டே வர வேண்டும். கைபேசி காட்டிவிடும் என்றாலும், தங்கும் ஒவ்வோர் இடத்திலும் பிள்ளைகளை விட்டுத் திசை பார்க்கச் சொல்லுங்கள் என்று எழுதினேன்.

தண்ணீரைப் பற்றிப் பெண்களுக்குக் கவலை அதிகம். வண்டியில் மூன்று தொட்டிகள்: ஒன்று நல்ல தண்ணீருக்கு, ஒன்று கழுவிய தண்ணீருக்கு, ஒன்று கழிப்பிடத்திற்கு. நல்ல தண்ணீர்த் தொட்டி தீர்ந்தால் அடுத்த ஊர் வரை கஷ்டம். நம் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில் ஒளுச் செய்ததாக ஹதீஸில் வருகிறது. அது ஒரு லிட்டருக்கும் குறைவு. இங்கே குழாயைத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டே ஒளுச் செய்யும் நமக்கு அந்த அளவு நம்ப முடியாததாக இருக்கும். தொட்டியை நம்பி வாழும் அந்தப் பெண்மணி, இப்பொழுதுதான் அந்த ஹதீஸ் விளங்கிற்று என்று எழுதியிருக்கிறார். தண்ணீர் குடிக்கத் தேவைப்பட்டு, வேறு கிடைக்கவும் இல்லையென்றால் தயம்மும் உண்டு. பக்கத்துப் பெட்ரோல் கடையில் நியாயமான விலைக்குக் கிடைத்தால், கையில் பணமிருக்கும்போது வாங்கத்தான் வேண்டும்.

காலுக்குக் கீழே மலத்தொட்டி இருக்க, மேலே நின்று தொழலாமா? நடுவே சுத்தமான தரை மறைப்பதால் தொழுகை கூடும். ஆனால் வெளியே இறங்கி, அல்லாஹ்வின் பூமியில் முஸல்லாவை விரித்துத் தொழுவதில் இருக்கும் மனநிறைவே வேறு. தொட்டியைக் காலி செய்யும் குழாயைத் தொட்டவர் கை, ஆடைகளைப் பார்த்துக் கழுவிக்கொள்ள வேண்டும்.

ஸபர் என்ற சொல்லுக்குத் திரை விலகுதல் என்ற பொருளும் சொல்வார்கள். மனிதனின் குணத்தை அது வெளியாக்கிவிடுகிறதாம். முப்பது அடி வண்டிக்குள் ஐந்து பேர் ஏழு மாதம் இருந்தால் எதைத்தான் மறைக்க முடியும்? பெருமானார் அவர்கள் ஒரு பயணத்தில் ஆயிஷா நாயகி ரலியல்லாஹு அன்ஹா அவர்களோடு ஓட்டப் பந்தயம் வைத்தார்கள். ஒட்டகத்தைப் பாட்டுப் பாடி விரட்டிய அன்ஜஷாவை, மேலே இருக்கும் பெண்களைக் கண்ணாடிப் பாத்திரங்களாக எண்ணி மெதுவாக நடத்தும்படி தடுத்தார்கள். இரவில் நடுவழியில் இறங்கித் தங்க வேண்டாம், அது பிராணிகளின் பாதை என்றும் எச்சரித்தார்கள். வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு உறங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஜும்ஆ முஸாபிர் மீது கடமையில்லை. ஆயினும் ஓரிடத்தில் முகீமாக இருந்தவர், ஜும்ஆ தன் மீது கடமையாகியிருக்க, வெள்ளிக்கிழமை சுபுஹுக்குப் பின் அதைத் தவறவிட்டுப் புறப்படுவது ஷாபிஈ மத்ஹபில் கூடாது. வழியில் ஜும்ஆ கிடைக்குமானால் பரவாயில்லை. வார இறுதியை முன்னிட்டு வெள்ளி காலையில் கிளம்புவது அங்கே வழக்கமாம்.

வழியில் பள்ளிகள் இல்லாமலும் இல்லை. அயோவா மாநிலத்தில் ஸீடர் ராபிட்ஸ் நகரில் 1934-ல் கட்டிய பள்ளி இன்றும் நிற்கிறது. வட டக்கோட்டாவில் ராஸ் என்ற சிற்றூரில், ஸிரியாப் பகுதியிலிருந்து போய் உழுது பிழைத்த முஸ்லிம்கள் 1929-ல் ஒரு பள்ளி கட்டினார்கள். அது பின்னர் இடிக்கப்பட்டு, 2005-ல் அதே இடத்தில் சிறிய பள்ளியொன்று எழும்பியது.

இந்தக் குடும்பத்தார் குளிர்காலம் தங்கிய குவார்ட்ஸைட் என்ற ஊர் அரிஸோனாவின் பாலைவனத்தில் இருக்கிறது. குளிர் வந்துவிட்டால் இத்தகைய வீட்டு வண்டிகள் அங்கே கணக்கில்லாமல் வந்து கூடுகின்றன. அந்த ஊர் மையத்துக் காட்டில் கல்லாலான சிறிய கூர்ங்கோபுரம் ஒன்றும், அதன் உச்சியில் செம்பு ஒட்டகம் ஒன்றும் நிற்கின்றன. 1856-ல் அமெரிக்க ராணுவம் கப்பலில் கொண்டு வந்த ஒட்டகங்களோடு வந்திறங்கியவர்களில் ஒருவரான ஹாஜி அலி அங்கே அடங்கியிருக்கிறார். ஹஜ்ஜுச் செய்தவர் என்பதால் அந்தப் பெயர். அந்நாட்டார் நாவில் அது "ஹை ஜாலி" என்று திரிந்துவிட்டது. பிற்காலத்தில் பிலிப் டெட்ரோ என்றும் அழைக்கப்பட்டார். 1902-ல் மௌத்தானார், 1935-ல் அந்த நினைவுக்கல்லை எழுப்பினார்கள். சாலையே இல்லாத காலத்தில் அந்தப் பாலைவனத்தில் ஒட்டகம் ஓட்டியவர் அவர். குடும்பத்தார் அந்தக் கப்ருக்குப் போய் ஸலாம் சொல்லி துஆச் செய்தார்களாம். அன்று அவர்கள் முகீம்கள். திரும்பி வந்து வண்டிக்கு வெளியே முஸல்லாவை விரித்து, அஸரை நான்காகத் தொழுதிருக்க வேண்டும்.