விட்டுக்கொடுத்த நிறம்

கார் விற்கும் அந்தக் கூடத்தில் எங்களுக்கு இரண்டு நாற்காலிகள் போட்டார்கள். ஒன்றில் நான், இன்னொன்றில் தம்பி. விற்பனையாளர் இரண்டு தாள்களை எடுத்துவந்தார். எஞ்சின் விவரம் அச்சான தாளைத் தம்பியின் முன்னால் வைத்தார். நிற அட்டையை என் பக்கம் நகர்த்தி, "மேடம், நீங்க கலர் பாருங்க" என்றார். பணம் என் சம்பளக் கணக்கிலிருந்து போகிறது, கடன் என் பெயரில், ஓட்டப்போவதும் நான்தான் என்று தம்பியே சொன்ன பிறகும் தாள்கள் இடம் மாறவில்லை. அந்தப் பையனைக் குறை சொல்லப்போவதில்லை. இருபத்தைந்து வயது இருக்கும். இந்த இடத்தில் இப்படி என்று யாரோ பழக்கியிருக்கிறார்கள்.

தாள்களை நானே மாற்றி வைத்துக்கொண்டேன். அன்று அது எனக்கு ஒரு சிறு வெற்றியாகப் பட்டது. அந்த வெற்றியின் மேல் எனக்கு வந்த சந்தேகத்தைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

எனக்கு வேண்டியவை இரண்டு. இரண்டும் ஒரே வண்டியில் இல்லை. அந்தச் சிறிய காருக்கு இரண்டு பெட்ரோல் எஞ்சின்கள். ஒன்று 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர், சத்தமில்லாதது. மற்றது 1.0 லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ வைத்தது. (நம் ஊரில் சிறிய பெட்ரோல் கார்கள் 1.2 லிட்டருக்குள்ளும் நான்கு மீட்டர் நீளத்துக்குள்ளும் அடங்கி நிற்பதற்கு வரிவிதிதான் காரணம். தாண்டினால் வரி ஏறிவிடும். பொறியியலில் பாதி நிதியமைச்சகத்தில் எழுதப்படுகிறது.) எனக்குப் பிடித்த நிறம் 1.2 எஞ்சினோடு மட்டும் வரும். டர்போவுக்கு வெள்ளை, வெள்ளி, சாம்பல். ஏன் என்று கேட்டேன். "அப்படித்தான் மேடம் வருது" என்றார்.

எஞ்சின் பக்கம் என் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். அம்மா தாண்டிக்குடிப் பக்கம், மலைமேல் தனியாக இருக்கிறாள். கீழே வரமாட்டேன் என்கிறாள். காப்பிச் செடியையும் மிளகுக் கொடியையும் யார் பார்ப்பது என்கிறாள். வத்தலக்குண்டு தாண்டி, சித்தரேவு, பெரும்பாறை என்று வளைந்து வளைந்து ஏறும் பாதை. போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, அம்மாவுக்கு மூச்சுத் திணறுகிறது என்று பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது. என் பழைய 800 சி.சி. வண்டியை எடுத்துக்கொண்டு மழையில் ஏறினேன். ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி இழுக்காமல் நின்று, பின்னால் சரியத் தொடங்கியது. கிளட்சும் பிரேக்கும் ஹேண்ட் பிரேக்குமாக நான் அல்லாடிக்கொண்டிருக்க, பின்னால் வந்த ஜீப்பிலிருந்து ஒருவர் குதித்து சக்கரத்துக்குக் கல் வைத்தார். ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். அம்மா பையோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். விடியும்போது ஆஸ்பத்திரியில் இருந்தோம். பிழைத்துக்கொண்டாள். ஆனால் அந்தக் கல் இன்னும் என் மனத்தில் கிடக்கிறது.

அதற்குப் பிறகு எஞ்சின்களைப் பற்றிப் படித்தேன், ஒரு காலத்தில் யாப்பிலக்கணம் படித்ததைப் போல. உயரம் கூடக்கூடக் காற்று மெலிகிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சாதாரண எஞ்சின் தன் திறனில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை இழக்கிறது. டர்போ என்பது, வெளியே வீணாகப் போகும் புகையின் வேகத்தைக் கொண்டு ஒரு சிறு விசிறியைச் சுழலவிட்டு, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிப்பது. அதனால் மலையில் அதன் மூச்சு அவ்வளவாகக் குறைவதில்லை. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே இழுவை கிடைத்துவிடும். வளைவில் திரும்பி மேடு ஏறும் அந்த மூன்று வினாடிகளுக்கு இது போதும்.

இனி நிறம். அட்டையில் அதற்கு ஏதோ ஆங்கிலப் பெயர் போட்டிருந்தார்கள். எனக்கு அது மயில்கழுத்து. வெளியே நின்ற வண்டியைச் சுற்றி வந்தபோது ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் பச்சையாகவும் தெரிந்தது. வண்ணப்பூச்சில் கலந்திருக்கும் மிகச்சிறு தகடுகள் ஒளியை வெவ்வேறு கோணத்தில் திருப்புவதால் அப்படி. பட்டுப்புடவையில் இதே வித்தையைப் பாவில் ஒரு நிறமும் ஊடையில் ஒரு நிறமும் போட்டு நெசவாளர்கள் செய்கிறார்கள். காரின் மேல் இருக்கும் பூச்சுகள் எல்லாம் சேர்ந்தாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் வரும். அந்த அளவு கனமுள்ள ஒன்றைப் பார்த்து எனக்குத் தொண்டை அடைத்தது. ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

டர்போ, வெள்ளை என்று பதிவு செய்தேன். "வெயிலுக்கு வெள்ளைதான் நல்லது, விற்கும்போதும் விலை போகும்" என்று நானே சொன்னேன். "மேடம் நல்லா விசாரிச்சிருக்காங்க சார்" என்று அந்தப் பையன் தம்பியிடம் சொன்னான். பாராட்டுகூட அவன் வழியாகத்தான் எனக்கு வந்துசேர்ந்தது. எனக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

எஞ்சின் ஆணுக்கு, நிறம் பெண்ணுக்கு என்ற இந்தப் பங்கீடு காரோடு கூடப் பிறந்தது கிடையாது. 1888 ஆகஸ்டில் பெர்தா பென்ஸ் தன் மகன்கள் இருவரை ஏற்றிக்கொண்டு, கணவர் கார்லிடம் சொல்லாமல், மான்ஹைமிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப்போனார். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். எரிபொருளை வழியில் ஒரு மருந்துக்கடையில் வாங்கினார். மேடுகளில் வண்டி ஏறாமல் பிள்ளைகள் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. மேடு ஏற இன்னொரு கியர் வேண்டும் என்று திரும்பி வந்து சொன்னவர் அவர்தான். இதைப் படித்தபோது பெரும்பாறை ரோட்டில் அவர் எனக்கு முன்னால் போவதுபோல் இருந்தது. 1955-இல் அமெரிக்காவில் டாட்ஜ் நிறுவனம் பெண்களுக்கென்றே 'லா ஃபாம்' என்ற காரை விற்றது. இளஞ்சிவப்பும் வெள்ளையுமான வண்டி. அதற்குப் பொருத்தமாகக் கைப்பை, உதட்டுச்சாயம், குடை. இயந்திரத்தில் பெண்ணுக்கென்று எதையும் மாற்றவில்லை. 1956-ஓடு நிறுத்திவிட்டார்கள். பெண்கள் அதை வாங்க ஓடவில்லை.

இந்தப் பங்கீட்டுக்குக் கீழே இன்னொரு பழைய பங்கீடும் இருக்கிறது. பருமை, வடிவம், இயக்கம் ஆகியவை பொருளிடமே இருப்பவை. நிறம், சுவை, மணம் நம்முள் எழுபவை என்று 17-ஆம் நூற்றாண்டில் ஜான் லாக் பிரித்தார். முன்னவை முதல்நிலைப் பண்புகள், பின்னவை இரண்டாம்நிலை. அறிவைப் பற்றிச் சொன்ன பிரிவுதான். மதிப்பைப் பற்றியது அன்று. ஆனால் 'இரண்டாம்நிலை' என்ற சொல் கிடைத்தால் அதில் யாரை உட்காரவைப்பார்கள் என்பது நமக்குத் தெரியும். அளக்க முடிந்தது காரணம், அளக்க முடியாதது ஆசை என்று ஆகிவிடுகிறது. பேரவைக் கூட்டத்தில் பேசும்போதுகூட நான் எண்களோடுதான் போகிறேன். இத்தனைக்கும் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் எண்ணுக்கு ஒரு கட்டம் இருப்பதுபோல நிறத்துக்கும் ஒரு கட்டம் உண்டு. ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு லாக்கின் பிரிவு தெரியாது.

அன்று இரவு அம்மாவுக்குப் போன் செய்தேன். கார் பதிவு செய்தாகிவிட்டது, மலையில் நன்றாக ஏறும் என்றேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"என்னா கலரு?"

"வெள்ளை."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "சரி. எல்லாரும் அதான வாங்குறாங்க" என்றாள்.

1999-இல் அப்பா போனபோது அம்மாவுக்கு நாற்பத்திரண்டு வயது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, வீட்டுப் பெரிய பெண்கள் பீரோவைத் திறந்து அவள் புடவைகளைப் பிரித்தார்கள். ஒரு வருஷம் வெள்ளை. அதன் பிறகு 'மங்கலா' உள்ளவை கட்டிக்கொள்ளலாம். அவர்கள் கொடுமைக்காரிகள் இல்லை. அழுதுகொண்டேதான் பிரித்தார்கள். அதில் ஒரு மயில்கழுத்துப் பட்டு இருந்தது. அம்மாவே அதை எடுத்து, "நீ கட்டு" என்று என்னிடம் கொடுத்தாள். அப்போது நான் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். விதவையின் வெள்ளையைப் பற்றி ஒரு கவிதை எழுதினேன். ஒரு சிற்றிதழில் வந்தது. நன்றாக இருக்கிறது என்று கடிதங்கள் வந்தன. புடவை என் பெட்டியில் இருந்தது. விரிவுரையாளர் வேலைக்கு நேர்காணலுக்குப் போனபோது அதைத்தான் கட்டிக்கொண்டு போனேன். அம்மாவிடம், 'இதை நீயே கட்டு' என்று ஒரு தடவைகூட நான் சொல்லவில்லை. கவிதை எழுதிய கைக்கு அது தோன்றவே இல்லை.

சங்கப் பாடல்களை வகுப்பில் நடத்தும்போது நிறத்தைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறேன். பழந்தமிழில் 'நிறம்' என்றால் வண்ணம் மட்டுமல்ல, மார்பு என்றும் பொருள். வேல் பாயும் உயிர்நிலை. தலைவன் பிரிந்தால் தலைவியின் மாமை நிறம் போய்ப் பசலை படர்கிறது. வெள்ளிவீதியாரின் குறுந்தொகைப் பாட்டில் அவளுக்கும் உதவாமல் அவனுக்கும் உதவாமல் அவள் அழகைப் பசலை தின்கிறது. பூதப்பாண்டியன் இறந்தபின் பெருங்கோப்பெண்டு பாடும் புறநானூற்றுப் பாட்டில் கைம்மைப் பெண்ணின் சோறும் படுக்கையும் பட்டியலாக வருகின்றன. இந்தப் பாடல்களில் பெண்ணுக்கு நிறம் நேர்கிறது, அல்லது போகிறது. ஒருவன் இருப்பதற்கும் இல்லாததற்கும் அவள் உடம்பு கணக்குப் புத்தகமாக இருக்கிறது. அவளாக ஒரு நிறத்தைப் பார்த்து, எனக்கு இது வேண்டும் என்று சுட்டிக்காட்டும் இடத்தை நான் தேடிக்கொண்டிருக்கிறேன். பூப்பறிக்கும்போது, தழையாடை கட்டும்போது கொஞ்சம் கிடைக்கிறது. இதையெல்லாம் இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்துவிட்டு, நிற அட்டையை அவமானச் சீட்டுபோலத் தள்ளிவிட்டு வந்திருக்கிறேன்.

பதிவை மாற்ற மூன்று நாள் அவகாசம் இருந்தது. யோசித்தேன்.

சீச்சீ இந்தப் பழம் புளிக்கும் என்ற நரியை வைத்து யோன் எல்ஸ்டர் 1983-இல் ஒரு புத்தகமே எழுதினார். கிடைக்காததை விரும்பாமல் இருக்க மனம் தன்னையே திருத்திக்கொள்வதைப் பற்றியது அது. அமர்த்தியா சென்னும் மார்த்தா நுஸ்பாமும் அதைப் பெண்கள் வாழ்க்கையை நோக்கித் திருப்பினார்கள்: குறைவாகக் கிடைத்தே பழகியவள் குறைவாகக் கேட்கிறாள், கேட்டால் போதும் என்கிறாள். அம்மாவின் "எல்லாரும் அதான வாங்குறாங்க" அந்த வகை. நான் விற்பனையாளரிடம் சொன்ன "வெயிலுக்கு நல்லது"? அதுவும் அதே வகைதான், என் படிப்பு அதற்கு நல்ல மொழியைக் கொடுத்திருந்தது. அம்மாவிடமிருந்து உறவினர்கள் நிறத்தைப் பிடுங்கினார்கள். என்னிடமிருந்து யாரும் பிடுங்கவில்லை. 'பெண்புத்தி' என்று யாரும் சொல்லிவிடக்கூடாதே என்று நானே கழற்றிக் கொடுத்துவிட்டேன்.

அப்படியானால் மயில்கழுத்தைத் தேர்ந்தெடுத்து இதைச் சரிசெய்துவிடலாமா? மாணவிகள் சிலர் இதைக் கேட்டபோது ஆமாம் என்றார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்த வளைவு நிஜம். விற்பனையாளன் என்னை எப்படி நடத்தினான் என்பதால் மலையின் சாய்வு குறையாது. அவனுக்கு எதிராக எஞ்சினை எடுப்பதும், என் குற்றவுணர்வுக்காக நிறத்தை எடுப்பதும் ஒன்றுதான். இரண்டிலும் வண்டியை வாங்குவது நானில்லை.

பெர்னார்ட் வில்லியம்ஸ் ஒரு கட்டுரையில் சொல்வது இங்கே உதவியது. செய்ய வேண்டியவை இரண்டு மோதும்போது ஒன்றைச் சரியாகவே தேர்ந்தெடுத்தாலும், விடப்பட்டது பொய்யாகிவிடுவதில்லை. அதன் கோரிக்கை வருத்தமாக நம்மிடம் மிஞ்சி நிற்கிறது. கார் நிறத்துக்கு இவ்வளவு பெரிய பேச்சா என்று கேட்கலாம். ஆனால் நம் வீடுகளில் 'விட்டுக்கொடுத்தல்' என்ற சொல் எப்படிப் புழங்குகிறது என்று பாருங்கள். விட்டுக்கொடுத்தவள், விட்டது ஒன்றும் பெரிதில்லை என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த இரண்டாவது வாக்கியம்தான் முதலாவதைவிட அதிகமாக நம்மிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. பாடகியாக வந்திருக்க வேண்டிய ஒரு அத்தை எனக்கு இருக்கிறாள். "அதெல்லாம் சும்மா பொழுதுபோக்குத்தான்" என்கிறாள். அவள் குரலை நான் கேட்டிருக்கிறேன்.

பதிவை மாற்றவில்லை. மூன்றாம் நாள் போய் மீதிப் பணம் கட்டினேன். "வெள்ளை நல்ல சாய்ஸ் மேடம்" என்று, இந்த முறை என்னைப் பார்த்தே சொன்னான். "எனக்கு வேண்டியது அந்த நீலப்பச்சை. இந்த எஞ்சினோட நீங்க அதைக் குடுக்கல. அதனால வெள்ளை" என்றேன். புகார் ஏதாவது எழுதிக்கொள்ள வேண்டுமா என்று கேட்டான். எழுதிக்கொள் என்றேன். எழுதினானா என்று தெரியாது.

வண்டி வந்து நான்கு மாதமாகிறது. நன்றாக ஏறுகிறது, அந்த வளைவில் இரண்டாம் கியரிலேயே திரும்பிவிடுகிறது. முதல் தடவை மேலே போனபோது அம்மா வாசலில் நின்று, கையால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "மழைக்காலத்துல செம்மண்ணு தெறிச்சா அப்பிடியே தெரியுமே" என்றாள். ஆமாம் என்றேன். பையிலிருந்த புடவையை எடுத்துக் கொடுத்தேன்.

பிரித்துப் பார்த்தாள். மடிப்பு விழுந்த இடத்தில் ஜரிகை ஒடிந்திருந்தது.

"இப்பதான் ஞாபகம் வந்துச்சாக்கும்" என்றாள். பிறகு வேறு மாதிரி மடித்து, உள்ளே கொண்டுபோய் வைத்தாள். கட்டினாளா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.