வீழிமிழலையில் இரண்டு காசுகள்



கூடப் படித்தவன் வீடு கட்டிக் கிரகப்பிரவேசத்துக்குப் பத்திரிகை கொடுக்கிறான். சந்தோஷம்தான். ஆனால் அதைக் கையில் வாங்கிய நிமிஷமே மனசு கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம், அவன் சொந்த வீட்டுக்குப் போகிறான், நான் இன்னும் ஒன்றாம் தேதி பிறந்தால் வாடகையை நினைத்துக் கலங்குகிறேன் என்று ஒரு வேதனை. ஊரிலேயே பெரிய பணக்காரரைப் பார்த்து நமக்குத் தூக்கம் கெடுவதில்லை. கூடப் படித்தவன், கூட வேலைக்குச் சேர்ந்தவன், ஒன்றுவிட்ட தம்பி, நாத்தனார் குடும்பம், இவர்களைப் பார்க்கும்போதுதான் நெஞ்சு குமைகிறது.

இதைப் பொறாமை என்று சொல்லி உங்களைக் கண்டிக்க எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால், சக அடியாருக்குக் கிடைத்தது தமக்குக் கிடைக்காத ஓர் இடத்தில் திருஞானசம்பந்தரே நின்றிருக்கிறார். பெரியபுராணத்தில் சேக்கிழார் அதை மறைக்காமல் சொல்கிறார்.

திருவாரூர் மாவட்டத்தில் பூந்தோட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது திருவீழிமிழலை. சம்பந்தரும் அப்பரும் ஒன்றாக அங்கே தங்கியிருந்த காலத்தில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தது. இருவரையும் நம்பி அடியார் கூட்டம் இருந்தது. அவர்களுக்குச் சோறு போட வேண்டும். அந்தக் கோயில் இறைவன் வீழிநாதர் இருவர் கனவிலும் வந்தார். பஞ்சம் தீரும்வரை நாள்தோறும் ஆளுக்கொரு காசு கொடுப்பதாகச் சொன்னார். அப்படியே கிழக்குப் பீடத்தில் சம்பந்தருக்கு ஒரு காசு, மேற்குப் பீடத்தில் அப்பருக்கு ஒரு காசு. தினமும் எடுத்துக்கொண்டு போய்ப் பண்டம் வாங்கிச் சமைத்து அடியார்களுக்கு அமுது படைத்தார்கள்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். அப்பர் மடத்தில் உரிய நேரத்தில் பந்தி போட்டார்கள். சம்பந்தர் மடத்தில் தாமதமானது. ஒருநாள் சம்பந்தர் சமையல்காரர்களைக் கூப்பிட்டு, ஏன் நேரமாகிறது என்று கேட்டார். அவர்கள் தயங்கித் தயங்கிச் சொன்னார்கள்: சுவாமி, அப்பர் காசைக் கடைக்காரர்கள் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்கிறார்கள். நம் காசுக்கு வாசி கேட்கிறார்கள். வாசி என்றால் வட்டம். மாற்றுக் குறைந்த காசு என்று அதன் மதிப்பில் பிடித்துக்கொள்வது. அந்தப் பேரத்தில்தான் பொழுது போய்விடுகிறது என்றார்கள்.

நினைத்துப் பாருங்கள். அம்பிகையின் ஞானப்பாலைக் குடித்த பிள்ளை அவர். கொடுத்தவர் ஒரே சிவபெருமான், கொடுத்த நாளும் ஒன்று. ஒருவர் காசு முழு விலைக்குப் போகிறது, இன்னொருவர் காசில் பிடித்தம். நமக்கு இது நடந்தால் என்ன செய்வோம்? முதலில் சமையல்காரரைத் திட்டுவோம். அப்புறம் அப்பர் மடத்துப் பக்கமே போகமாட்டோம்.

சம்பந்தர் கேட்டார், தெரிந்துகொண்டார், காரணம் என்ன என்று யோசித்தார். உழவாரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகக் கோயில் பிராகாரத்துப் புல்லைச் செதுக்குகிறவர் அப்பர். அந்தக் கைத்தொண்டு செய்த கைக்கு வாசியில்லாத காசு வந்திருக்கிறது என்று அந்தப் பிள்ளைக்கு விளங்கியது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். தமக்குக் குறைந்ததற்குக் காரணம் தேடப் போனவர், அடுத்தவரின் உழைப்பைக் கண்டு மதித்துவிட்டுத் திரும்புகிறார். வீடு கட்டிய நண்பனிடம், எப்படியப்பா சமாளித்தாய், எத்தனை வருஷம் கஷ்டப்பட்டாய் என்று நம்மில் எத்தனை பேர் வாய்விட்டுக் கேட்டிருக்கிறோம்?

எல்லாவற்றுக்கும் உழைப்புதான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. ஒருவனுக்கு அப்பா விட்டுப்போன மனை இருந்திருக்கும். இன்னொருவர் அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் தங்கையின் கல்யாணத்துக்கும் இருபது வயதிலிருந்து சம்பாதித்ததையெல்லாம் கொடுத்திருப்பார். இந்தச் சபையிலேயே அப்படிப்பட்டவர்கள் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். உங்கள் பணம் எங்கே போயிற்று என்று பாஸ்புக்கைக் கேட்டால் அது சொல்லாது. தங்கை வீட்டுக்குப் போய் அவள் பிள்ளைகளைப் பார்த்தால் தெரியும்.

காரணம் தெரிந்தபின் சம்பந்தர் சும்மா இருந்துவிட்டாரா? இல்லை. எனக்கு விதித்தது இவ்வளவுதான் என்று அவர் ஒதுங்கவில்லை. மறுநாள் சந்நிதியில் போய் நின்று, வாசி தீர்த்து நல்ல காசு கொடுக்க வேண்டும் என்று பதிகம் பாடிக் கேட்டார். இறைவனும் கொடுத்தார். பணம் கேட்பது பக்திக்கு இழுக்கு என்று நினைப்பவர்கள் இந்த இடத்தை மறுபடி படிக்க வேண்டும். சம்பள உயர்வு கேளுங்கள், புதுத் தொழில் கற்றுக்கொள்ளுங்கள், இறைவனிடமும் கேளுங்கள். ஆனால் சம்பந்தர் யாருக்காகக் கேட்டார்? இலை போட்டுக் காத்திருந்த அடியார்களுக்காக. அப்பர் காசுக்குத் தம் காசு இளைத்ததில்லை என்று காட்டுவதற்காக அவர் கேட்கவில்லை.

நம் வீடுகளில் வருகிற துன்பம் இந்த இடத்தில்தான் வருகிறது. நண்பனுக்குச் சமமாகத் தெரிய வேண்டும் என்று தனிநபர் கடன் வாங்கிக் கார் எடுக்கிறோம். சீர் குறைந்தால் பேச்சு வரும் என்று நகையை அடகு வைத்துச் சீர் செய்கிறோம். விசேஷம் ஒருநாளில் முடிந்துவிடும். வட்டி முடிவதில்லை. மாதாமாதம் அது வீட்டுச் சோற்றிலிருந்து பிடித்துக்கொண்டு போகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்பர் எப்போதும் முந்தியிருந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். திருநெல்வாயில் அரத்துறையில் சம்பந்தருக்கு இறைவன் முத்துச் சிவிகை கொடுத்தார். தள்ளாத வயதிலும் நடந்தே போனவர் அப்பர். இருவரும் வேதாரணியத்துக்குப் போனபோது, நெடுங்காலம் அடைத்துக் கிடந்த கோயில் கதவைத் திறக்க அப்பர் பதிகம் முழுவதும் பாட வேண்டியிருந்தது. அதை அடைக்கச் சம்பந்தர் ஒரு பாட்டுப் பாடியதும் கதவு சாத்திக்கொண்டது. அன்றிரவு அப்பர் மடத்தில் ஒரு பக்கமாகப் போய்ப் படுத்தார். எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு நேரம் ஆயிற்று, இறைவன் திருவுள்ளம் எனக்குத் தெரியவில்லையே என்று கலங்கினார். அவ்வளவு பெரியவருக்கு அந்த வேதனை வந்தது! அந்தத் தூக்கத்தில்தான் இறைவன் வந்து, திருவாய்மூருக்கு வா என்று கூப்பிட்டார். பின்னாலேயே சம்பந்தரும் தேடிக்கொண்டு வந்துவிட்டார். அங்கே சம்பந்தருக்குக் காட்சி கிடைத்தது. அவர் அதைத் தமக்குள் வைத்துக்கொள்ளவில்லை, அப்பருக்குக் காட்டினார்.

பின்னொரு காலத்தில் சம்பந்தர் மதுரையிலிருந்து திரும்பித் திருப்பூந்துருத்திக்கு வருகிறார். அப்பர் கூட்டத்துக்குள் புகுந்து சிவிகையைச் சுமப்பவர்களோடு தோள் கொடுத்தார். சிவிகையில் இருந்த பிள்ளை, அப்பர் எங்கே என்று கேட்டது. உம்மைச் சுமக்கும் பேறு பெற்று இங்கே இருக்கிறேன் என்று கீழிருந்து பதில் வந்தது. சம்பந்தர் பதறி இறங்கி வணங்கினார். அதற்கு முன்பே அப்பர் வணங்கிவிட்டார். பிறகு இருவரும் உட்கார்ந்து பேசினார்கள். மதுரையில் நடந்ததைச் சம்பந்தர் சொல்லச் சொல்ல, அப்பருக்குப் பாண்டிநாட்டைப் பார்க்க ஆசை வந்தது. தொண்டைநாட்டுத் தலங்களின் பெருமையை அப்பர் சொல்ல, சம்பந்தருக்கு அங்கே போக ஆசை வந்தது. சில நாள் கூடியிருந்துவிட்டு, அப்பர் தெற்கே பாண்டிநாட்டுக்கு நடந்தார். சம்பந்தர் வடக்கே தொண்டைநாட்டுக்குப் புறப்பட்டார்.