அடுத்தவர் ஆபரேஷனுக்கு ஐந்து ரூபாய்

2001-ம் ஆண்டில் பெங்களூருவின் இரண்டு ஓரங்களில் இரண்டு பெரிய மருத்துவமனைகள் இயங்கத் தொடங்கின. ஒன்று, ஒயிட்ஃபீல்டில் சத்ய சாய் பாபாவின் அறக்கட்டளை கட்டியது. இன்னொன்று, ஓசூர் சாலையில் பொம்மசந்திராவில் இதய அறுவை நிபுணர் டாக்டர் தேவி ஷெட்டி தொடங்கிய நாராயண ஹிருதயாலயா. முன்னதில் இதய அறுவைக்குக்கூட யாரிடமும் காசு வாங்குவதில்லை. பின்னதில் பில் உண்டு. இல்லாதவன் அந்த பில்லை எப்படிக் கட்டுவான் என்ற யோசனையும் கூடவே இருந்தது. அந்த யோசனையில் பிறந்ததுதான் யஷஸ்வினி மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்.

2003 ஜூனில் கர்நாடக அரசின் கூட்டுறவுத் துறையோடு சேர்ந்து அது நடைமுறைக்கு வந்தது. பால் கூட்டுறவு, விவசாயக் கடன் சங்கம் என்று ஏதாவது ஒன்றில் உறுப்பினராக இருந்தால் போதும். ஆளுக்கு மாதம் ஐந்து ரூபாய், வருடத்துக்கு அறுபது. முதல் வருடமே சுமார் 16 லட்சம் பேர் சேர்ந்தார்கள். கணக்குப் போட்டால் ஒன்பதரைக் கோடி ரூபாய்க்குச் சற்று மேல். அதோடு அரசும் தன் பங்கைப் போட்டது. பட்டியலில் இருந்த தனியார் மருத்துவமனைகளில், திட்டம் ஏற்ற அறுவை சிகிச்சைகளுக்குக் கையிலிருந்து காசு எடுக்க வேண்டியிருக்கவில்லை. வெறும் காய்ச்சலுக்குப் படுத்தால் மட்டும் அது உதவவில்லை.

காப்பீடு விற்பவர் எல்லோரும் ஒரு கேள்வியைச் சந்தித்திருப்பார்கள். ‘வருஷம் பூரா எனக்கு ஒண்ணும் ஆகலையே, கட்டின காசு திரும்ப வருமா?’ வராது. அது யாரோ முகம் தெரியாத ஒருவரின் குடலிறக்க ஆபரேஷனுக்குப் போய்விட்டது. இது நஷ்டமா, புண்ணியமா, கடமையா? மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தம் என்று நாளிதழ்கள் எழுதும் செய்திகளுக்கெல்லாம் அடியில் இந்தக் கேள்விதான் கிடக்கிறது.

ஒயிட்ஃபீல்டின் பதில் நமக்குப் பழக்கமானது. நோயாளிக்குச் செய்வது தர்மம். தர்மத்துக்கு விலை கிடையாது. காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடல் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயிலோடு சேர்ந்த ஆதுலர் சாலையில், அதாவது மருத்துவமனையில், 15 படுக்கைகள், மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருவோர், பணிப்பெண்கள் என்று பட்டியல் போட்டு, யாருக்கு எவ்வளவு நெல், எவ்வளவு காசு என்றும் அது சொல்கிறது. ஏறத்தாழ 1068-ல் வெட்டிய கல்வெட்டு. செலவு மொத்தமும் கோயில் கணக்கில். திருக்குறளின் மருந்து அதிகாரமும் மருத்துவத்தை நான்கு கூறாகத்தான் பிரிக்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து கவனிப்பவர். ஐந்தாவதாகப் பணம் கட்டுபவர் என்று ஒருவரை வள்ளுவர் சேர்க்கவில்லை. பெங்களூருவின் அல்சூர் ஏரிக்கரையில் 18 வருடம் மூடிக் கிடந்து 2009-ல் திறக்கப்பட்ட சிலையாக நிற்கிற வள்ளுவர், இன்று நகரத்துத் தனியார் மருத்துவமனை எதற்காவது போனால் அந்த ஐந்தாமவரைத்தான் முதலில் பார்ப்பார். அட்மிஷன் கவுன்ட்டரில் கேட்கும் முதல் கேள்வி, ‘கேஷா, இன்ஷூரன்ஸா?’

தர்மத்தின் பெருமையைக் குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதில் கொடுப்பவர் மேலே, வாங்குபவர் கீழே. கொடுப்பவர் மனசு மாறினால் வாங்குபவர் போய் நிற்க இடமில்லை. ஐந்து ரூபாய் இந்த இடத்தில்தான் வேலை செய்கிறது. பால் ஊற்றும் விவசாயி அறுவைக் கூடத்துக்குள் போகும்போது அவர் சங்க உறுப்பினர். யாரிடமும் கையேந்தி வந்தவர் இல்லை. அவர் கட்டிய அறுபது ரூபாயில் ஆபரேஷனுக்கான பஞ்சுகூட வாங்க முடியாது என்பது வேறு விஷயம்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் கல்யாண நகரத்தில் இருந்த சீர்திருத்தவாதி பசவண்ணர் சொன்ன காயகம், தாசோகம் இரண்டும் கன்னட நாட்டில் இன்றும் மேடைதோறும் ஒலிப்பவை. உழைத்துச் சம்பாதி, சம்பாதித்ததைச் சமூகத்தோடு பகிர் என்பது சுருக்கம். கூட்டுறவு சங்கத்தின் சந்தா அந்த எண்ணத்துக்கு வெகு தூரமில்லை. இஸ்லாமியச் சட்ட அறிஞர்களும் இதே இடத்தைத் தொட்டார்கள். 1985-ல் ஜெத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, லாப நோக்கில் நிலையான பிரீமியம் வாங்கும் வணிகக் காப்பீடு கூடாது என்றது. ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவுக் காப்பீடு ஆகும் என்றது. மலேசியா அதற்கு முந்தைய வருடமே இத்தகைய காப்பீட்டுக்கான தக்காஃபுல் சட்டம் கொண்டுவந்திருந்தது. அமெரிக்காவில் ஆமிஷ் கிறிஸ்தவர்கள் காப்பீடே வேண்டாம், எங்கள் சபை பார்த்துக்கொள்ளும் என்று சட்டப்படி விலக்கு வாங்கியிருக்கிறார்கள். மூன்று மரபுகளுக்கும் பகிர்வதில் மறுப்பில்லை. யாரோடு பகிர்வது, நடுவில் லாபம் பார்ப்பவர் யார் என்பதில்தான் அவை கறாராக இருக்கின்றன.

சரி, பகிர்வதால் உயிர் பிழைக்கிறதா? இதற்குக் கர்நாடகத்திலேயே ஒரு கணக்கு உண்டு.

2010-ல் வாஜ்பாய் ஆரோக்கியஸ்ரீ திட்டம் முதலில் கலபுரகி கோட்டத்தில் மட்டும் தொடங்கியது. பசவண்ணரின் கல்யாணம் இருக்கிற பீதர் மாவட்டமும் அதில் அடக்கம். வறுமைக்கோட்டு ரேஷன் கார்டு இருந்தால் போதும்; சந்தா கிடையாது, தனியாகப் பதிவு கிடையாது. இதயநோய், புற்றுநோய் மாதிரி பெரிய சிகிச்சைகள் இலவசம். செலவை அரசின் சுவர்ண ஆரோக்கிய சுரக்ஷா அறக்கட்டளை ஏற்றது. அப்போது திட்டம் இருந்த பகுதியின் எல்லையோரக் கிராமங்களையும், அந்த எல்லைக்குத் தெற்கே திட்டம் எட்டாத கிராமங்களையும் ஒப்பிட்டு நீரஜ் சூத் குழு செய்த ஆய்வு 2014-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. இந்தத் திட்டம் காப்பாற்றியிருக்கக்கூடிய நோய்களால் ஏழைக் குடும்பங்களில் நேர்ந்த இறப்பு, திட்டம் இருந்த பக்கம் 0.32 சதவீதம்; இல்லாத பக்கம் 0.90 சதவீதம். வறுமைக்கோட்டுக்கு மேலே உள்ள குடும்பங்களில் இப்படி வித்தியாசம் எதுவும் இல்லை.

ஒரே மண், ஒரே சோளக்களி, நடுவில் ஒரு நிர்வாகக் கோடு. அந்தக் கோட்டுக்கு வடக்கே பிறப்பதும் தெற்கே பிறப்பதும் யாருடைய தகுதி? முன்வினை என்று சொல்லிவிட்டுப் போகலாம். நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. ஆனால் வினைப்பயன் 2010-ல் அரசாணை ஒன்றினால் கோட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் குறைந்ததை எப்படி விளக்குவது? தாம் எங்கே, யாராகப் பிறப்போம் என்று தெரியாத நிலையில் மக்கள் ஒத்துக்கொள்ளும் விதியே நியாயமான விதி என்று 1971-ல் எழுதிய தத்துவவாதி ஜான் ரால்ஸுக்கு இந்தக் கிராமங்களைவிட நல்ல உதாரணம் கிடைத்திருக்காது.

இத்தோடு முடித்தால் கட்டுரை சுகமாக இருக்கும். ஆனால் இதே மாநிலத்தில் இன்னொரு ஆய்வும் நடந்தது. மத்திய அரசின் ராஷ்ட்ரிய ஸ்வாஸ்த்ய பீமா யோஜனா என்ற காப்பீட்டுத் திட்டத்தை வைத்து, சிகாகோ பல்கலைக்கழகத்தின் அனுப் மலானி உள்ளிட்ட குழு பத்தாயிரத்துக்கும் அதிகமான குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சில வருடங்கள் கவனித்தது. காப்பீடு கிடைத்தவர்கள் மருத்துவமனைக்குப் போவது கூடியது. உடல்நலத்தில் மட்டும் தெளிவான முன்னேற்றம் தென்படவில்லை. கார்டு கையில் இருந்தும் அதைப் பயன்படுத்த முயன்று தோற்றவர்கள் நிறையப் பேர். எங்கே காட்ட வேண்டும் என்று தெரியாது, அல்லது மருத்துவமனை ஏற்கவில்லை.

இரண்டு ஆய்வுகளும் ஒன்றையொன்று வெட்டுவதாகத் தோன்றும். உற்றுப் பார்த்தால் அப்படியில்லை. ஆரோக்கியஸ்ரீ உயிர் போகிற நோய்களை எடுத்துக்கொண்டது. கிராமங்களில் முகாம் போட்டு நோயாளியைத் தேடிப் போனது. மற்றது குடும்பத்துக்கு வருடம் 30,000 ரூபாய் என்று வரம்பு போட்ட ஒரு கார்டு. அட்டையைக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று அது நினைத்துக்கொண்டது.

காப்பீடு தீங்கும் செய்யும். ஆபரேஷனுக்குத்தான் பணம் வரும் என்றால் ஆபரேஷன்கள் பெருகும். பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் ஏழைப் பெண்களுக்குத் தேவையில்லாமல் கருப்பையை எடுத்துவிட்டார்கள் என்ற பொதுநல வழக்கு பத்து வருடம் நடந்தது. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், இதைத் தடுப்பதற்கான வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் ஏற்கச் சொன்னது. இதற்கு மருந்து, சிகிச்சையின் விலையையும் தரத்தையும் கண்காணிப்பதுதான். 2017-ல் கர்நாடக சுகாதார அமைச்சர் ரமேஷ் குமார் தனியார் மருத்துவமனைக் கட்டணங்களுக்கு வரம்பு கட்டும் திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். அந்த நவம்பரில் மாநிலம் முழுக்க டாக்டர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மசோதா நிறைவேறியது; சில பற்களைப் பிடுங்கிய பிறகு.

பெங்களூருவின் மாதச் சம்பளக்காரருக்கு இதெல்லாம் தூரத்துக் கதை. அவர் கவலை, காப்பீட்டுக் கம்பெனிக்காகக் கிளெய்ம்களைக் கையாளும் டிபிஏ கவுன்ட்டரில். 3 லட்சம் ரூபாய் பாலிசி, அறை வாடகை வரம்பு ஒரு சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 3,000. மருத்துவமனையில் இருந்ததோ 6,000 ரூபாய் அறைதான். நான்கு நாளுக்கு வாடகை வித்தியாசம் 12,000. அது போகட்டும் என்று விடலாம். ஆனால் அறை வாடகை எந்த விகிதத்தில் மிஞ்சியதோ அதே விகிதத்தில் அறுவை நிபுணர் கட்டணம், அறுவைக்கூடக் கட்டணம், டாக்டர் விசிட் எல்லாம் குறையும் என்று பல பாலிசிகளில் ஒரு ஷரத்து உண்டு. அவை மொத்தம் 1,20,000 என்றால் 60,000 மட்டுமே வரும். ஆக 72,000 ரூபாய் கைக்காசு. கையுறைக்கும் முகக்கவசத்துக்கும் போடுகிற ‘நான்-பேயபிள்’ அதற்கு மேலே. வாங்கும்போது இதைச் சொன்ன ஏஜென்ட் அபூர்வம்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-ல் செய்த மாற்றங்கள் நல்லவை. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கான காத்திருப்புக் காலம் நான்கு வருடத்திலிருந்து மூன்றானது. 65 வயதுக்கு மேற்பட்டவரைப் புதிதாகச் சேர்க்க மறுக்க இடம் தந்த வரம்பு போனது. டிஸ்சார்ஜ் அன்று மூன்று மணி நேரத்துக்குள் கேஷ்லெஸ் அனுமதி தர வேண்டும் என்று விதி வந்தது. 2025 ஜனவரியில், மூத்த குடிமக்களின் பிரீமியத்தை வருடத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் தன்னிச்சையாக ஏற்றக் கூடாது என்ற உத்தரவும் வந்தது. அதே வருடம் செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி நீங்கியது.

இவற்றில் கைதட்டல் அதிகம் கிடைத்தது ஜிஎஸ்டிக்குத்தான். ஆனால் வரி நீங்கியதால் முதல் பயன் ஏற்கெனவே பாலிசி வாங்க வக்குள்ளவருக்கு. காத்திருப்புக் காலமும் வயது வரம்பும் தளர்ந்ததால் உள்ளே வருபவர் சர்க்கரை, ரத்த அழுத்தத்தோடு வாசலில் நின்றவர். அவர் வந்தால் மற்றவர் பிரீமியம் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். கம்பெனிகள் இப்படிச் சொல்வது பொய்யில்லை. யஷஸ்வினியிலேயே சந்தா 60-லிருந்து 120 ஆனபோது ஆள் கணிசமாகக் குறைந்தது. இப்படி நடக்கும்போது முதலில் விலகத் தோன்றுவது ஆரோக்கியமானவருக்குத்தான். எல்லோரும் கட்ட வேண்டும், வருமானத்துக்கு ஏற்பக் கட்ட வேண்டும் என்று பிஸ்மார்க்கின் ஜெர்மனி 1883-லேயே தொழிலாளருக்குச் சட்டம் போட்டது; அதில் இப்படி விலக வழியில்லை. நோயில்லாத வருடங்களில் கட்டிய பணம் வீண் என்று நினைப்பவர், தான் ஒருநாளும் படுக்கையில் விழப்போவதில்லை என்று நம்புகிறவர். அந்த நம்பிக்கைக்கு எந்த மதமும் உத்தரவாதம் தந்ததில்லை.

2018-ல் ஆரோக்கிய கர்நாடகாவோடு கரைந்துபோன யஷஸ்வினி, கூட்டுறவுக்காரர்கள் விடாமல் கேட்டதால் திரும்ப வந்திருக்கிறது. வறுமைக்கோட்டுக் குடும்பங்களுக்கு ஆயுஷ்மான் பாரத் – ஆரோக்கிய கர்நாடகாவில் வருடம் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. அவசரம் அல்லாத பெரிய சிகிச்சைகளுக்கு முதலில் அரசு மருத்துவமனைக்குப் போய்ப் பரிந்துரைச் சீட்டு வாங்க வேண்டும். இந்தச் சீட்டு விவகாரம் தெரியாமல் நேராகத் தனியாரிடம் போய்க் கடன்படுகிறவர்கள் உண்டு. உங்கள் வீட்டில் வேலை செய்பவர், அபார்ட்மென்ட் வாட்ச்மேன், கார் ஓட்டுபவர், யாராயிருந்தாலும் கேளுங்கள்: வறுமைக்கோட்டு ரேஷன் கார்டு இருக்கிறதா, ஆரோக்கிய அட்டை எடுத்தாயிற்றா, எந்த ஆஸ்பத்திரிக்கு முதலில் போக வேண்டும் என்று தெரியுமா? தெரியாது என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு உட்கார்ந்து அந்த வேலையை முடித்துக் கொடுங்கள்.