ரெண்டு பேருள்ள பிள்ளை

கோம்பைக்குப் பக்கத்தில் ஒரு மாதா கோயில். எந்த ஊர்க் கோயில் என்று எழுதப்போவதில்லை. இந்தக் கட்டுரைக்குக் காரணமான பிள்ளையின் பெயரையும் எழுதப்போவதில்லை. ஏன் எழுதவில்லை என்பது படித்து முடிக்கும்போது உங்களுக்கே விளங்கும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சதும் சின்னப் பிள்ளைகளை உட்காரவைத்து ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிறேன். சம்பளம் கிடையாது. வாரம் முழுக்கத் தையல் மிசின், ஞாயிறு காலையில் பிள்ளைகள். இருபது வருசமா இப்படித்தான் ஓடுது. ஒண்ணாம் வகுப்பிலிருந்து அஞ்சாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகள் வரும். எல்லாம் எங்க தெருப் பிள்ளைகள். தாய் தகப்பன் திராட்சைத் தோட்டத்துக்கோ, விடியுமுன்னே ஜீப்பேறி மலைக்கு மேலே ஏலத்தோட்டத்துக்கோ கூலிக்குப் போகிறவர்கள்.

அன்றைக்குப் பத்துக் கட்டளைகளில் எட்டாவது கட்டளை. பொய் பேசக்கூடாது, பொய்யாகச் சாட்சி சொல்லக்கூடாது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். மூணாம் வகுப்புப் பிள்ளை ஒண்ணு எந்திரிச்சது.

"டீச்சர், கோயில்ல எம்பேரு வேற, பள்ளிக்கூடத்துல எம்பேரு வேற. பள்ளிக்கூடத்துல யாராச்சும் கேட்டா இந்துன்னு சொல்லணும்னு அம்மா சொல்லிருக்கு. அது பொய்யா டீச்சர்?"

மத்த பிள்ளைகள் சிரிக்கவில்லை. அதைத்தான் முதலில் கவனித்தேன். சிரிக்காததுக்குக் காரணம், அதில் பாதிப் பேருக்கு ரெண்டு பேர். எல்லாம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"உக்காரு தாயி, அடுத்த வாரம் சொல்றேன்" என்றேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை.

எதனால் ஒரு எட்டு வயசுப் பிள்ளைக்கு ரெண்டு பேர் வந்தது? 1950இல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணை ஒன்று இருக்கிறது. இந்து அல்லாத மதத்தைப் பின்பற்றும் எவரும் பட்டியல் சாதியார் ஆகமாட்டார் என்றது அது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள். 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறித்தவரும் முஸ்லிமும் வெளியேதான் நிற்கிறார்கள். சென்னையில் செருப்புத் தைத்த சூசை என்பவர், இந்துவாக இருக்கும் தொழிலாளிக்கு அரசு இலவசமாகத் தரும் பெட்டிக்கடை எனக்கு மட்டும் ஏன் இல்லை என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985இல் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பிறகும் அவர் பட்ட இழிவு அதே அளவில் தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் போதாது என்று தள்ளிவிட்டார்கள். சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்து செருப்புத் தைக்கிறவன் தன் இழிவுக்கு ஆதாரம் எங்கே போய் வாங்குவான்?

தமிழ்நாட்டில் கிறித்தவத் தலித் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார். நிலபுலம் உள்ளவனோடு போட்டி போடவேண்டும். ஊராட்சித் தேர்தலில் தனித்தொகுதியில் நிற்க முடியாது. அடி வாங்கினால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் போட முடியாது. அடிக்கிறவன் மட்டும், 'நீ இந்துவா கிறித்தவனா' என்று கேட்டுவிட்டு அடிப்பதில்லை. அதனால்தான் அந்தத் தாய் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தபோது வேறு பேர் கொடுத்தாள். சாமியை ஏமாற்றுவதற்காக இல்லை, பிள்ளை திராட்சைத் தோட்டத்துக்குப் போகக்கூடாது என்பதற்காக.

இது வரைக்கும் அந்தத் தாயின் கதை. இனி என் கதைக்கு வருகிறேன்.

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளை இன்னும் நிறையக் கூட்டிவாங்க என்று சாமியார் சொல்லிக்கொண்டே இருப்பார். நானும் கூட்டி வருவேன். மிட்டாய் கொடுப்பேன். வருகைக்கு ஒரு நோட்டுப் போட்டு, ஒரு வாரம்கூடத் தவறாமல் வந்த பிள்ளைக்குக் கிறிஸ்மசுக்குப் பரிசு கொடுப்பேன். இதை நல்ல காரியம் என்றுதான் நினைத்திருந்தேன்.

2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. புதுச்சேரிப் பெண் ஒருவர், கைக்குழந்தையாக இருந்தபோது ஞானஸ்நானம் பெற்றவர். அரசு வேலைக்காகத் தன்னை இந்து என்று சொல்லிப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டார். ஞானஸ்நானம் பெற்றிருக்கிறார், கோயிலுக்குப் போய்வருகிறார், ஆகவே கொடுக்க முடியாது. சலுகைக்காக மட்டும் அப்படிக் கேட்பது அரசியல் சட்டத்தின் மீது செய்யும் மோசடி என்றது நீதிமன்றம். அதைப் படித்ததும் பீரோவில் இருந்த என் வருகை நோட்டை எடுத்துப் பார்த்தேன். இருபது வருசப் பிள்ளைகளின் பேர், தேதி, டிக். ஒரு பிள்ளைக்கு எதிராகச் சாட்சி சொல்ல இதைவிட நல்ல ஆவணம் கிடைக்குமா? எட்டாவது கட்டளையைச் சொல்லிக்கொடுத்த கையாலேயே நான் சாட்சி எழுதி வைத்திருக்கிறேன்.

அப்படியானால் ஒரு கேள்வி எழுகிறது. விலை இன்னதென்று தெரிந்த நான், தெரியாத பிள்ளையை மிட்டாய் காட்டிக் கூப்பிடுவது நியாயமா?

இந்தக் கேள்வி நம்ம நாட்டுக்குப் புதுசு இல்லை. 1542இல் இந்தியா வந்த சவேரியார் தெருவில் மணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டி மந்திரம் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் படித்ததை வீட்டுக்குப் போய்ப் பெற்றவர்களுக்குச் சொன்னார்கள். முத்துக்குளித்துறையில் வீட்டுப் பெரியவர்கள் பழைய சாமியைக் கும்பிட்டால் பிள்ளைகள் வந்து அவரிடம் சொன்னார்கள். அவரோடு போய் அந்தச் சிலைகளை உடைத்தார்கள், மிதித்தார்கள். இதை அவரே தம் கடிதத்தில் சந்தோசமாக எழுதியிருக்கிறார். எனக்கு அதை நினைத்தால் சந்தோசம் வரவில்லை. அப்பன் கும்பிட்ட சாமியை மகன் மிதிக்கும்போது அந்த அப்பன் எங்கே நின்றிருப்பான்? பிள்ளையை ஏவிப் பெற்றவர்களைத் திருத்துவது தப்பு. 'உங்கம்மா சொன்னது பொய்' என்று அந்த எட்டு வயசுப் பிள்ளையிடம் நான் சொல்லியிருந்தால் அதே தப்பைத்தான் செய்திருப்பேன்.

இயக்கத் தோழர்கள் சிலர் எனக்குச் சொன்ன யோசனை வேறு. "எதுக்கு இந்த வேலை? பிள்ளைக வளரட்டும். பதினெட்டு வயசுல அதுகளே முடிவு பண்ணட்டும்" என்கிறார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் சாதி பதினெட்டு வயசு வரைக்கும் காத்திருக்குதா? எந்தத் தெருவில் செருப்புப் போடக்கூடாது, எந்த வீட்டுத் திண்ணையில் உட்காரக்கூடாது என்பதை எனக்கு மூணு வயசிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். டீக்கடையில் எங்களுக்குத் தனிக் கிளாஸ் என்பதை ஆறு வயசில் கண்ணால் பார்த்துப் படித்தேன். பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் 1910இல், ஏழு வயசு வாக்கில் பிள்ளைக்குப் புத்தி தெளிந்துவிடும், புதுநன்மை கொடுக்கலாம் என்று ஆணையிட்டார். நம்ம ஊர்ச் சாதிக்கு அந்த ஏழு வயசுகூடத் தேவைப்படவில்லை.

கடவுள் உன்னையும் தன் சாயலில்தான் படைத்தார் என்ற வார்த்தையை நான் முதன்முதலில் கேட்டது ஞானோபதேசத்தில்தான். பள்ளிக்கூடத்தில் கேட்கவில்லை, ஊரிலும் கேட்கவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இன்றைக்கும் இந்த வேலையைச் செய்கிறேன். அதே திருச்சபைதான் என் அப்பத்தாவைத் தனிக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கியது. இந்தியாவில் 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள், ஆனால் தலைமையில் அவர்கள் மிகக் குறைவு என்று ஆயர் பேரவையே 2016இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டது. ரெண்டும் உண்மை. பிள்ளைக்கு ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை மறைத்தால் நானும் பொய்ச்சாட்சிதான்.

சொல்லிக்கொடுத்ததைப் பிள்ளைகள் சும்மா வைத்திருப்பதில்லை. திராட்சைத் தோட்டக் கூலியாள் உவமையை ஒருமுறை சொன்னேன். விடியக்காலையில் வந்தவனுக்கும் பொழுது சாய வந்தவனுக்கும் ஒரே கூலி கொடுத்த தோட்டக்காரர் கதை. ஒரு பையன் கேட்டான்: "ஒரே தோட்டத்துல எங்க அய்யாவுக்கு ஒரு கூலி, அம்மாவுக்கு ஒரு கூலி, அது எப்படி?" நான் படித்த காலத்தில் கேள்வி புத்தகத்தில் இருக்கும், பதில் எங்கள் வாயில் இருக்கும். இப்போது கேள்வி பிள்ளை வாயிலிருந்து வருகிறது. அப்படி வருமென்றால் ஞானோபதேசம் நல்லதுதான்.

அடுத்த ஞாயிறு அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்லவேண்டியிருந்தது. பொய்யே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த 18 விழுக்காட்டில் பங்கு கேட்கிற இந்துத் தலித்தும் நம்மைப்போல் இல்லாதவன்தானே. அவன் 'என் பங்கு போகுதே' என்றால் அதிலும் நியாயம் இருக்கிறது. அதனால் இப்படிச் சொன்னேன்:

"அது முழு உண்மை இல்ல தாயி. ஆனா அந்தப் பாவம் உன் கணக்குலயும் இல்ல, உங்கம்மா கணக்குலயும் இல்ல. 'சாமி வேணுமா, சலுகை வேணுமா, ஒண்ணைத் தொடு'ன்னு ஒரு சட்டம் கேக்குது. கேட்டவுக கணக்குல அது இருக்கு. அதைப் பாத்துக்கிட்டுப் பேசாம இருந்த எங்களை மாதிரிப் பெரியவுக கணக்குலயும் இருக்கு. நீ பெரிய பிள்ளையானதும் ரெண்டு பேரையும் சேத்துச் சத்தமாச் சொல்ற காலம் வரணும். அதுக்கு நாங்க வேலை பாக்கணும்."

அந்த வாரமே வீடு வீடாகப் போனேன். வருகிற விலையைத் தாய் தகப்பனிடம் மறைக்காமல் சொன்னேன். அரசு உதவி பெறும் பள்ளியில் சிறுபிள்ளைக்குச் சமயம் போதிக்கப் பெற்றவர்கள் சம்மதம் வேண்டும் என்று அரசியல் சட்டம் 28ஆவது பிரிவில் சொல்கிறது. கோயிலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. மனசாட்சிக்குப் பொருந்தும். ரெண்டு வீட்டில் இனிப் பிள்ளையை அனுப்பமாட்டோம் என்றார்கள். சரியென்று வந்துவிட்டேன். மற்றவர்கள் அனுப்புகிறார்கள். மிட்டாயும் பரிசும் இல்லை. சாமியாரிடம், கூட்டம் கூட்டச் சொல்லுமுன் 1950 ஆணையைப் பற்றிப் பூசையில் ஒருநாள் பிரசங்கம் வையுங்கள் என்று கேட்டிருக்கிறேன். இன்னும் வைக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருப்பேன்.

வருகை நோட்டை அடுப்பில் போட்டேன்.

அந்தப் பிள்ளை வருகிறது. போன வாரம் ஒரு புதுக் கேள்வி கொண்டுவந்தது: "டீச்சர், அந்தச் சட்டத்தை எழுதுனவுகளுக்கு எட்டாவது கட்டளை யாரும் சொல்லிக்குடுக்கலையா?"