தேரில் ஏற மறுத்த தருமர்



மகாபாரதத்தின் முதல் பர்வமான ஆதிபர்வத்தின் தொடக்கத்திலேயே ஒரு நாய்க்குட்டியின் அழுகுரல் கேட்கிறது. குருக்ஷேத்திரத்தில் ஜனமேஜய மகாராஜா தன் தம்பிமார் மூவரோடு நெடுநாள் யாகம் செய்துகொண்டிருக்கிறான். அந்த யாகசாலைக்குள் ஒரு குட்டி வந்துவிடுகிறது. தேவலோகத்து நாயான சரமையின் பிள்ளை அது. தம்பிமார் அதை அடித்து விரட்டுகிறார்கள். குட்டி கதறிக்கொண்டு தாயிடம் ஓடுகிறது.

சரமை முதலில் தன் பிள்ளையைத்தான் விசாரிக்கிறாள். "நீ ஏதாவது தப்புச் செய்தாயா?" என்று கேட்கிறாள். "இல்லை அம்மா. யாகத்துக்கு வைத்த அவிசை நான் நக்கவில்லை, ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை" என்கிறது குட்டி. அதன் பிறகுதான் அவள் யாகசாலைக்கு வந்து, "குற்றம் செய்யாத என் பிள்ளையை ஏன் அடித்தீர்கள்?" என்று நியாயம் கேட்கிறாள். அத்தனை பெரிய சபையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. "எதிர்பாராத நேரத்தில், கண்ணுக்குத் தெரியாத பயம் உங்களை வந்து சேரும்" என்று சபித்துவிட்டுப் போகிறாள். யாகம் செய்த அரசன் நடுங்கிப் போகிறான். அந்தச் சாபத்துக்குப் பரிகாரம் செய்யத் தகுந்த ஒரு புரோகிதரைத் தேடி அலைகிறான்.

இந்த ஜனமேஜயன் யார்? அர்ச்சுனனின் கொள்ளுப் பேரன். அதே குலத்தின் மூத்தவர் ஒருவர் ஒரு நாய்க்காகச் சொர்க்கத்தையே வேண்டாம் என்று சொன்னார். அந்தக் கதை மகாப்ரஸ்தானிக பர்வத்தில் வருகிறது.

ராஜ்யத்தைப் பரீட்சித்திடம் ஒப்படைத்துவிட்டு, மரவுரி தரித்து, பாண்டவர் ஐவரும் திரௌபதியும் அஸ்தினாபுரத்தை விட்டுப் புறப்படுகிறார்கள். அவர்களோடு ஏழாவதாக ஒரு நாய் சேர்ந்துகொள்கிறது. யாரும் அதை அழைக்கவில்லை. அதுவும் விட்டுப் போகவில்லை. இமயத்தைத் தாண்டி நடக்கும்போது முதலில் திரௌபதி விழுகிறாள். பிறகு சகாதேவன், நகுலன், அர்ச்சுனன், பீமன் என்று ஒவ்வொருவராக விழுகிறார்கள். கடைசியில் தருமரும் அந்த நாயும்தான் மிச்சம்.

அப்போது இந்திரன் தேரோடு வந்து, "ஏறு, உடலோடு சொர்க்கம் போகலாம்" என்கிறான். "இந்த நாய் என்னோடு வரட்டும்" என்கிறார் தருமர். "நாய்க்குச் சொர்க்கத்தில் இடமில்லை. விட்டுவிட்டு வா." "என்னை நம்பி வந்ததை விட்டுவிட்டு எனக்கு மட்டும் சொர்க்கமா? வேண்டாம்" என்கிறார். இந்திரன் விடவில்லை. கூர்மையான ஒரு கேள்வி கேட்கிறான். "தம்பிகளை விட்டாய், மனைவியை விட்டாய். எல்லாம் துறந்த உனக்கு ஒரு நாயை விட முடியவில்லையா?"

அதற்குத் தருமர் சொல்லும் பதிலைத்தான் இன்று நாம் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். அதன் கருத்து இது: "அவர்கள் இறந்துவிட்டார்கள். இறந்தவர்களை என்னால் எழுப்ப முடியாது. அதனால் விட்டு வந்தேன். உயிரோடு இருந்தபோது அவர்களில் ஒருவரையும் நான் கைவிடவில்லை. இந்த நாய் உயிரோடு இருக்கிறது. என்னையே நம்பி நிற்கிறது. இதை எப்படி விடுவேன்?" இந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் அந்த நாய் தர்மதேவதையாகத் தன் உருவத்தைக் காட்டியது.

உயிரோடு இருக்கும்வரை கைவிடாதே. உயிர் போனபின் விட்டுக்கொடு. தருமரின் பதிலில் இந்த இரண்டும் இருக்கின்றன. நாய் வளர்க்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் இதைவிடத் தெளிவான உபதேசம் தேவையில்லை.

சில காலம் முன்பு ஒரு கோயில் மண்டபத்தில் உபன்யாசம் முடிந்து, கூட்டம் கலைந்த பிறகு, ஒரு அம்மா தூண் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். அருகில் வந்து, "ஐயா, தப்பா நினைக்கக் கூடாது, எங்க மணி போயி ஒரு மாசம் ஆகுது. நாய்தான் ஐயா. இன்னும் சாப்பிட உட்கார்ந்தா, தயிர்சாதத்துல கடைசி உருண்டையை எடுத்து ஓரமா வைக்குது கை. வெச்ச பிறகுதான் ஞாபகம் வருது. சொந்தக்காரங்க சிரிக்கிறாங்க. ஒரு நாய்க்காக இப்படி அழறது பாவமா?" என்று கேட்டார். சொல்லும்போதே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பாவம் இல்லை அம்மா. உங்கள் கைதான் உங்களைவிட நன்றாகத் தர்மத்தைப் படித்திருக்கிறது" என்றேன். இல்லறத்தான் தினமும் செய்ய வேண்டிய ஐந்து வேள்விகளில் பூத யக்ஞம் ஒன்று. நாய்க்கும் காக்கைக்கும் எறும்புக்கும் ஒரு பங்கு வைத்த பிறகே வீட்டில் உண்ண வேண்டும் என்று மனு தர்மம் சொல்கிறது. அந்த அம்மா சாஸ்திரம் படிக்காமலே அந்த வேள்வியைச் செய்து வந்திருக்கிறார். யாருக்காகச் செய்தாரோ அந்த உயிர் போனபோது கை தவிக்காதா?

நாய் வளர்த்தவர்களுக்கு இந்தத் தவிப்பு புரியும். நாம் கேட்டைத் திறக்கும் முன்பே, தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்டதும் எழுந்து வந்து நிற்கும். ஆபீசில் திட்டு வாங்கி வந்தாலும், பரீட்சையில் தோற்று வந்தாலும் அதன் வால் ஒரே மாதிரிதான் ஆடும். காய்ச்சலில் படுத்தால் கட்டில் காலடியை விட்டு நகராது. சம்பளமோ சாதியோ பார்க்காமல் ஒரு ஜீவன் நம்மை ஏற்றுக்கொள்கிற அனுபவம் பலருக்கு வாழ்க்கையில் முதன்முதலாக நாயிடம்தான் கிடைக்கிறது. பகவான் நம்மை எப்படி ஏற்றுக்கொள்கிறான் என்பதற்கு அது ஒரு சின்ன முன்மாதிரி.

ஆனால் அதன் ஆயுள் பெரும்பாலும் பத்து முதல் பதின்மூன்று வருஷம். பெரிய ஜாதி நாய் என்றால் இன்னும் குறைவு. நாம் குட்டியாகத் தூக்கி வந்தது நம் கண் எதிரிலேயே கிழமாகிறது. மூக்கோரம் நரைக்கிறது, கண்ணில் படலம் விழுகிறது, மாடிப்படி ஏற முடியாமல் கீழேயே நின்று நம்மைப் பார்க்கிறது. பிள்ளை வளர்வதையும் பெற்றோர் முதுமை அடைவதையும் ஒரே உயிரிடம் பார்த்துவிடுகிறோம். இந்தச் சந்தோஷத்தோடு இந்தத் துக்கமும் சேர்ந்தேதான் வருகிறது.

"பிராணியின் மேல் இவ்வளவு பாசம் வைத்தால் அது பந்தம் ஆகாதா? பரத மகாராஜா கெட்டதே அதனால்தானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பாகவதம் ஐந்தாம் ஸ்கந்தத்தில் அந்தக் கதை வருகிறது. ராஜ்யத்தைத் துறந்து கண்டகி நதிக்கரையில் தவம் செய்த பரதர், ஆற்றில் விழுந்த மான்குட்டியைக் காப்பாற்றி வளர்க்கிறார். அதன் தாய் இறந்துவிட்டது. வளர்த்த நாளிலிருந்து, பூஜையில் உட்கார்ந்தால் மான் நினைவு, ஜபத்தில் மான் நினைவு. கடைசி மூச்சிலும் மான் நினைவு. மறு பிறவியில் மானாகவே பிறந்தார்.

கவனித்துக் கேளுங்கள். மான்குட்டியைக் காப்பாற்றியது பரதரின் தவறு அல்ல. அதைச் செய்யாமல் ஜபம் செய்திருந்தால் அந்த ஜபத்துக்கு மதிப்பே இல்லை. உலகத்து உயிர்கள் எல்லாவற்றையும் நேசிக்க விரிந்த அவர் மனம் "என் மான்" என்ற ஒரு புள்ளிக்குச் சுருங்கிவிட்டது; போக வேண்டிய நேரத்திலும் அவரால் விட முடியவில்லை. தருமர் நாயை "என் நாய்" என்று சொல்லவில்லை. "என்னை நம்பி வந்தது" என்றார். அங்கே உரிமை பேசவில்லை, கடமை பேசியது. உங்கள் வீட்டு நாயின் மேல் உள்ள அன்பு, தெருவில் தாகத்தோடு நிற்கும் நாய்க்கு ஒரு சட்டித் தண்ணீர் வைக்கச் சொன்னால், நாயைக் கண்டு பயப்படும் பக்கத்து வீட்டுக் குழந்தைக்காகக் கேட்டை மூடி வைக்கச் சொன்னால், அது உங்களை மேலே ஏற்றுகிற அன்பு. என் நாய் மட்டும் போதும், ஊர் எப்படிப் போனால் என்ன என்று தோன்றினால், பரதரின் மான் அங்கே வந்துவிட்டது.

இந்த விரிந்த அன்பு எப்படி இருக்கும் என்பதை நம் காலத்துக்கு அருகிலேயே திருவண்ணாமலையில் பார்த்தோம். பகவான் ரமணர் ஆசிரமத்து நாய்களை "அது" என்று சொல்லமாட்டார். "அவன்", "அவள்" என்றுதான் சொல்வார். பிள்ளைகளுக்குச் சோறு போட்டாயிற்றா என்று அவர் கேட்டால், நாய்களுக்குப் போட்டாயிற்றா என்று அர்த்தம். ஸ்கந்தாசிரமத்தில் கமலா என்று ஒரு நாய் இருந்தாள். புதிதாக வந்தவரைச் சுற்றிக் காட்டச் சொன்னால், மலையில் உள்ள சன்னதிகளுக்கும் தீர்த்தங்களுக்கும் அவரை அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவாள். எந்த உடம்பில் எந்த ஆத்மா, எந்தப் பாக்கி வினையைத் தீர்க்க வந்து குடியிருக்கிறதோ நமக்குத் தெரியாது, ஆகவே அவர்களைக் கடுமையாக நடத்தக் கூடாது என்பது பகவானின் உபதேசம். ஜாக்கி என்ற நாயின் சமாதியை இன்றும் ரமணாசிரமத்தில் பார்க்கலாம். 1948-ல் முக்தி அடைந்த பசு லட்சுமியின் சமாதிக்கு அருகிலேயே, வள்ளி என்ற மானுக்கும் ஒரு காகத்துக்கும் உள்ள சமாதிகளோடு அது இருக்கிறது. பற்று முழுவதும் அற்ற ஞானி ஒருவர், ஒரு நாய்க்குச் சமாதி வைக்கச் செய்தார். அன்புக்கும் பற்றின்மைக்கும் பகை இல்லை என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

இப்போது கைவிடாமை என்பது நடைமுறையில் என்ன என்று சொல்கிறேன். நாயை வாங்கும்போதே அதன் முதுமையையும் சேர்த்து ஏற்க வேண்டும். வருஷா வருஷம் வெறிநோய்த் தடுப்பூசி போடுவது தர்மம். அது நாய்க்கும் காப்பு, ஊருக்கும் காப்பு. நாள் முழுக்க மொட்டை மாடி வெயிலில் சங்கிலியில் கட்டிப்போடுவது அதர்மம். தீபாவளி வெடிக்கு நடுங்குகிற நாயை வீட்டுக்குள் ஓர் அறையில் உட்காரவைத்து, பக்கத்தில் ஒருவர் இருப்பது தர்மம். வயதாகி, நோய் வந்து, வாடை அடிக்கிறது என்று வண்டியில் ஏற்றி ஊருக்கு வெளியே இறக்கிவிட்டு வருகிறார்களே, அது மகாபாவம். சரணடைந்தவரைக் கைவிடுவது கொடிய பாவங்களுக்கு இணை என்று இந்திரனிடம் தருமர் சொன்னது இதைத்தான். வண்டி போன திசையைப் பார்த்து அந்த ஜீவன் எத்தனை நாள் அங்கேயே நிற்கும் என்று நினைத்துப் பாருங்கள். சிவாலயத்தில் தேய்பிறை அஷ்டமிக்கு பைரவருக்கு வடைமாலை சாற்றிவிட்டு, அவர் வாகனத்தை நடுத்தெருவில் விட்டு வருவது என்ன பக்தி?

கடைசி நேரத்தில் கூடவே இருங்கள். வைத்தியர் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொன்ன பிறகு, பார்க்கத் தாங்கவில்லை என்று வெளியே போய் நிற்பவர்கள் உண்டு. போகாதீர்கள். தலையை மடியில் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பழகிய குரலில் பேசுங்கள். உங்கள் இஷ்டதெய்வத்தின் நாமத்தைச் சொல்லுங்கள். அது வாழ்நாள் முழுக்க உங்களுக்காகக் காத்திருந்தது. இந்த ஒரு முறை நீங்கள் அதன் பக்கத்தில் இருப்பது கடன்.

போன பிறகு அழுங்கள். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். தர்ப்பணத்தில் பிரம்மா முதல் புல் பூண்டு வரை எல்லாரும் திருப்தி அடையட்டும் என்று நீர் விடுகிறோம். அந்த எல்லாருக்குள் உங்கள் மணியும் உண்டு. அதன் பெயரில் ஒரு நாள் அன்னதானம் செய்யுங்கள். பசித்த நாய்களுக்குச் சோறு வையுங்கள். பிறகு, "இன்னும் கொஞ்சம் நன்றாகப் பார்த்திருக்கலாமே" என்று உங்களை நீங்களே வதைத்துக்கொள்ளாதீர்கள். தம்பிகள் விழுந்தபோதும் தருமர் நடப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால், அவரை நம்பிப் பின்னால் வந்த நாய்க்கு யார் துணை?

"இனிமேல் நாயே வளர்க்க மாட்டேன், இந்தத் துக்கம் போதும்" என்று பலர் சொல்கிறார்கள். அவசரப்பட்டு அப்படிச் சபதம் செய்யாதீர்கள். துக்கம் வேண்டாம் என்று அன்பை நிறுத்தினால், பிள்ளை, பெற்றோர், நண்பர் யாரையும் நேசிக்க முடியாது. பிரிவு வரும் என்று தெரிந்தும் நேசிக்கிறவனுக்குத்தான் பிரியும் நேரத்தில் விட்டுக்கொடுக்கும் பலம் வருகிறது. மனம் ஆறிய பிறகு, உங்கள் தெருவிலேயே யாருமில்லாமல் நிற்கும் ஒரு குட்டிக்கு வீட்டில் இடம் கொடுங்கள். அதன் ஆயுள் முடியும் வரை கைவிடமாட்டேன் என்று பகவான் முன்னால் சங்கல்பம் செய்துகொண்டு கொடுங்கள். அந்தச் சங்கல்பத்தைக் காப்பாற்றும் உறுதியை எல்லாம்வல்ல இறைவன் உங்கள் எல்லாருக்கும் அருளட்டும்.